பட்டாளத்து லேண்ட்ரோவர் வீட்டுக்கு வந்தால்...

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லேண்ட்ரோவர் சத்தத்தைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. காலைப் பெரட்டில் நிற்கும்போதே தூரத்தில் அந்த உறுமல் கேட்டுவிடும். கங்காணி தொப்பியைச் சரிசெய்துகொள்வார். வெற்றிலை மென்ற வாய்கள் அப்படியே நின்றுபோகும். "துரை வராரு!" என்று யாராவது முணுமுணுப்பார்கள். அந்த வண்டியில் ஒரு நாளாவது ஏறி உட்கார மாட்டோமா என்று ஏங்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன்.

இன்று காலம் மாறிவிட்டது. துரைமார்கள் ஜப்பானியக் காடிகளுக்குப் போய்விட்டார்கள். பழைய லேண்ட்ரோவர்களோ நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கின்றன. பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகள் கைமாறிக் கைமாறி, கடைசியில் செம்பனைக் குலை ஏற்றவும் வாழைத்தார் ஏற்றவும் வந்து சேர்கின்றன. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிப் பாருங்கள். ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் கோஸ் மூட்டைகளைச் சுமந்துகொண்டு சேற்றில் ஏறும் லேண்ட்ரோவர்களில் பல, அவற்றை ஓட்டும் பையன்களைவிட வயதில் மூத்தவை!

அப்படி ஒன்றை நீங்களும் வாங்கியிருக்கிறீர்களா? அல்லது வாங்கலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நான் தோட்டத்துப் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, கை முழுக்கக் கிரீஸோடு முடி நரைத்தவன். படித்த எஞ்சினியர் அல்ல. ஆனால் இந்த வண்டியின் வயிற்றுக்கடியில் படுத்துக் கிடந்த நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

என் தங்கையின் கணவர், என் மச்சான், கூட்டுக் கட்டி எடுத்த பணத்தில் இப்படியொரு வண்டியை வாங்கி வந்தார். 109 அங்குல நீள வண்டி, பட்டாளத்துப் பச்சை. வந்த அன்றைக்கே அவர் போட்ட பட்டியலைக் கேளுங்கள்: புதுப் பெயிண்ட், பெரிய டயர், முன்னால் ஒரு விஞ்ச், கூரை மேல் நான்கு விளக்கு. தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணே, இது ஓடுது சரி. நிக்குமா?"

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கோ, முப்பது வருடப் பட்டறை அனுபவத்தை ஒரு வரியில் கேட்டுவிட்டாளே என்று இருந்தது.

இந்த வண்டி எப்படி வந்தது?

கொஞ்சம் பழைய கதை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமை எஞ்சினியரான மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே அவர் வேலைக்கு வைத்திருந்தது அமெரிக்கப் பட்டாளம் கழித்துவிட்ட ஒரு வில்லிஸ் ஜீப். அது பழுதானால் அதற்குப் பதிலாக என்ன வாங்குவது என்ற கேள்வியில் பிறந்ததுதான் லேண்ட்ரோவர். ஆக, பட்டாளத்து வண்டியைக் குடியானவன் வாங்கிப் பழுது பார்ப்பது நாம் கண்டுபிடித்த வேலையல்ல. இந்த வண்டியின் பிறப்பே அங்கேதான்!

யுத்தத்துக்குப் பின் இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம். அலுமினியம் கிடைத்தது. அதனால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் வண்டியை உலகுக்குக் காட்டினார்கள். அதே 1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் பட்டாளம், போலீஸ், தோட்டத் துரைமார் என்று எல்லாரும் இதில்தான் ஏறினார்கள். சில துரைமார் குண்டு துளைக்காதிருக்க இரும்புத் தகடு அடித்து ஓட்டினார்கள். நம் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

1958-இல் சீரிஸ் 2, 1961-இல் 2ஏ, 1971-இல் சீரிஸ் 3 என்று வந்து, 1985-இல் அந்த வரிசை முடிந்தது. உங்கள் கைக்கு வரும் பட்டாளத்து வண்டி பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மினுமினுப்பில் ஏமாறாதீர்கள்

அலுமினிய உடல் துருப்பிடிக்காது. இதுவே வாங்குபவரை ஏமாற்றும் முதல் விஷயம். மேலே பார்த்தால் ஐம்பது வயது வண்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அடியில் இருக்கும் சேசிஸ் அலுமினியம் அல்ல, இரும்பு. பெட்டிபோல மூடிய சட்டம். சேறும் தண்ணீரும் உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். போதாக்குறைக்குப் பட்டாளத்தில் பெயிண்டை அடுக்கடுக்காக அடித்திருப்பார்கள். ஓட்டைகூட அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரு சிறு சுத்தியலும் ஒரு காந்தமும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பட்டைகள் மாட்டும் இடங்கள், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள், ஓட்டுநர் கால் வைக்கும் பள்ளம், கதவு மாட்டும் தூண் ஆகிய இடங்களில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பதில் சொல்லும். அழுகிய இரும்பு 'தொப்' என்று சொல்லும். கால் பள்ளமும் கதவுத் தூணும் இரும்புதான். அங்கே காந்தம் ஒட்டவில்லை என்றால் பெயிண்டுக்கடியில் இருப்பது புட்டி. அலுமினியம் இரும்பைத் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடி உதிர்ந்தால், இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒன்றையொன்று தின்கின்றன என்று அர்த்தம்.

சேசிஸ் அங்கங்கே போயிருந்தால் நல்ல வெல்டரைக் கொண்டு வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம். ஓட்டைமேல் தகட்டை ஒட்டுப்போடுவது கிழிந்த சட்டைக்குப் பசை தடவுவதுபோல. நீளம் முழுவதும் போயிருந்தால், இங்கிலாந்தில் இன்றும் துத்தநாகப் பூச்சுடன் புதுச் சேசிஸ் செய்து விற்கிறார்கள். ஆனால் விலையையும் கப்பல் கூலியையும் கூட்டிப் பாருங்கள். அந்த வண்டியை விட்டுவிடுவதே மேல் என்று தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். பழைய எஞ்சின் எண்ணெயைச் சேசிஸுக்குள் பீய்ச்சும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், மண்ணையும் கெடுக்கும். அதற்கென்று விற்கும் மெழுகை அடியுங்கள்.

இன்னொன்று, காகிதம். கிரானும் சேசிஸில் குத்திய எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள். பட்டாளத்திலிருந்து வெளியே வந்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் ஒருமுறைகூடப் பதியாத வண்டிகள் உண்டு. "அதெல்லாம் அப்புறம் செஞ்சிக்கலாம் அண்ணே" என்று விற்பவர் சொன்னால், "செஞ்சிட்டு வாங்க தம்பி, காசு ரெடியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வந்த அன்றே சாவியைத் திருப்பாதீர்கள்

பட்டாளத்து வண்டி அதிகம் ஓடாத வண்டி என்று சொல்லி விற்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஓடாமல் நின்றதும் ஒரு நோய்தான். ரப்பர் வெடிக்கும், பெட்ரோல் பிசினாகும், பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொள்ளும்.

முதல் வேலையாக எண்ணெய்களைத் திறந்து பாருங்கள். எஞ்சின் ஒன்று, கியர் பெட்டி ஒன்று, அதன் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி ஒன்று, முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் இரண்டு, முன்சக்கரங்கள் திரும்பும் உருண்டைக் கூடுகள் இரண்டு. ஆக ஏழு இடம். எண்ணெய் பால்காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஆற்றைக் கடக்கும் வண்டிகளில் இது சகஜம். எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் முன்பக்கம் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பழைய லோரி ஓட்டுநர்கள் ஒரு சங்கதி சொல்வார்கள்: கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். பிளக் மாட்டியபின் கைப்பிடியால் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறியும்.

பெட்ரோல் டாங்கி முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். பட்டாளத்து வண்டியில் இரு பக்கமும் இருக்கலாம். இறக்கிக் கழுவுங்கள். ஓட்டை இருந்தால் வெல்டிங் பக்கம் கொண்டே போகாதீர்கள். காலி டாங்கிதான் நிறைந்த டாங்கியைவிட ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். வேறு டாங்கி வாங்கிவிடுங்கள்.

கோழிக்கூட்டில் பாய்ந்த கதை

இனி பிரேக். இங்கேதான் என் மச்சான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

பின்சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். மச்சானுக்குப் பொறுமை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம், வாசலில் லேசான சரிவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரம் தரையைவிட்டு எழுந்ததுதான் தாமதம், வண்டி ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டது. நேரே போய்க் கோழிக்கூட்டில் மோதி நின்றது. அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் தங்கையின் கடைசிப் பையன் அங்கே முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான். அவனை அவள் காரணமே இல்லாமல் உள்ளே கூப்பிட்டிருந்தாள்.

கோழி இரண்டு செத்தன. மச்சானுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தானே வெச்சேன் மச்சான்! எப்படி உருளும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலைக் கவனமாகப் படியுங்கள், நேயர்களே.

சாதாரணக் காடியில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கும். பழைய லேண்ட்ரோவரில் அப்படி அல்ல. டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால் ஒரு டிரம் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் அந்த டிரம்மைப் பிடித்து, பின்பக்கம் போகும் நீளத் தண்டை மட்டும் நிறுத்துகிறது. தண்டு நின்றாலும், டிஃபரென்ஷியல் என்ற பொறி ஒரு சக்கரம் முன்னால் சுற்ற மற்றது பின்னால் சுற்ற இடம் கொடுக்கும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்வரை மோசமில்லை. ஒன்றைத் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருண்டு ஓடும். ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாததுபோல்தான்!

ஆகவே, சமதரை வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான மரக்கட்டை வேண்டும். தூக்கியபின் சேசிஸுக்கு அடியில் நிலையான தாங்கி வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட வேண்டும். டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின் சீல் கசிந்தால் எண்ணெய் அந்த டிரம்முக்குள்ளேயே இறங்கும். அப்போது சமதரையில்கூட ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது.

கால் பிரேக்குக்கு வருவோம். நான்கு சக்கரத்திலும் டிரம்தான். பழைய வண்டிகளில் பிரேக் எண்ணெய் போகும் வழி ஒரே சுற்று. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் ஒரேயடியாகப் பிரேக் போய்விடும். கேமரன் இறக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. அதனால் 'இன்னும் நல்லா இருக்கு' என்று எதையும் விட்டுவைக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், துருப்பிடித்த இரும்புக் குழாய்கள், ஷூ எல்லாமே புதிதாக வேண்டும். இந்த வண்டிக்குப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. கையில் காசு அதிகம் இருந்தால், சுற்றை இரண்டாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டரும் மிதியை லேசாக்கும் செர்வோவும் போடலாம். என்னைக் கேட்டால் மேம்பாடு என்ற பெயரில் செய்யத்தக்க முதல் செலவு இதுதான்.

பிரேக் எண்ணெய் குறைந்துவிட்டது என்று அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெய் ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரப்பர் எல்லாம் ஊதி, பிரேக் பிடித்துக்கொள்ளும் அல்லது விட்டுவிடும். இரண்டும் கெடுதல். டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவும் கூடாது. அந்தக் காலத்து ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் இருந்தது, நுரையீரலைக் கெடுப்பது. ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள். நாங்கள் அன்று ஊதியே வேலை பார்த்தோம். யாரும் சொல்லவில்லை.

ஸ்டியரிங்கில் ஆறு பந்து மூட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆட்டம் என்றால் வண்டி தண்ணி போட்டவன்போல நடக்கும். ஒருவர் ஸ்டியரிங்கை ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான்.

டயரில் பூ ஆழமாக இருக்கிறது என்று மகிழாதீர்கள். பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1509 என்றால் 2009-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முன் செய்தது. அதில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். சில பட்டாளத்து வண்டிகளில் இரண்டு துண்டாகப் பூட்டிய ரிம் இருக்கும். காற்று முழுவதும் இறங்காமல் அந்த நட்டுகளைத் தொட்டால் ரிம் குண்டுபோலப் பாயும்.

24 வோல்ட் பூதம்

உங்கள் வண்டி கம்பியில்லா ரேடியோ பொருத்த ஏற்ற பட்டாளத்து வண்டியாக இருந்தால் அதன் மின்சாரம் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக இணைத்திருக்கும். கடையில் வாங்கும் 12 வோல்ட் பல்பைப் போட்டால் ஒரு நொடி பிரகாசித்துச் செத்துவிடும். 'ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாமே' என்று சில கெட்டிக்காரர்கள் செய்வார்கள். ஒன்று வடிந்துபோகும், மற்றது பொங்கிப்போகும். இரண்டு பேட்டரிக் காசும் போயிற்று! முழு வண்டியையும் 12 வோல்ட்டுக்கு மாற்றுவது செலவுதான், ஆனால் பிறகு எந்த ஊர்க் கடையிலும் பாகம் கிடைக்கும்.

மிகப் பழைய வண்டிகளில் உடலோடு இணைப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. இக்கால வழக்கப்படி மாற்றி மாட்டி, ஆல்டர்னேட்டரையும் பாட்டுப் பெட்டியையும் கருக்கியவர்கள் உண்டு. மாட்டுவதற்கு முன் பாருங்கள். ஒயர்களைத் தொட்டாலே உறை உதிர்கிறது என்றால் முழு ஒயரிங்கையும் மாற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபியூஸ் வையுங்கள். வந்தபோது ஒன்றிரண்டு ஃபியூஸ்தான் இருந்திருக்கும்.

எதை மேம்படுத்தலாம்?

எல்லாரும் கேட்பது எஞ்சின் பற்றித்தான். போத்தோங் கடையில் ஜப்பானிய டீசல் எஞ்சின் வாங்கி உள்ளே வைப்பது நம் நாட்டில் பழகிய வேலை. பழைய இரண்டேகால் லிட்டர் பெட்ரோல் எஞ்சின் எண்ணெய் குடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் பலம் கூடிய எஞ்சினைப் பழைய கியர் பெட்டிமேல் சுமத்தினால், பின் ஆக்சிலுக்குள் இருக்கும் தண்டு முறியும். வேகம் கூடும், பிரேக் அதே டிரம்தான். மேலும் எஞ்சின் மாற்றினால் இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கையை விரிக்கும். எனக்கு விருப்பம் பழைய எஞ்சினையே சரியாக வைத்து ஓட்டுவதுதான். அந்தக் காலத்தில் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தவை அவை. தலையை இறக்கும்போதே வால்வு உட்காரும் இடத்தில் கெட்டியான வளையம் போடச் சொல்லுங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று நாம் போடும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலந்திருக்கிறது. நாம் வெட்டிய குலைதான் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது! பழைய ரப்பர்க் குழாய்களை அது இளக்கிவிடும். புது வகைக் குழாயாக மாற்றிவிடுங்கள்.

சீட் பெல்ட் போடுங்கள். பின்னால் பக்கவாட்டில் பலகை போட்டுப் பிள்ளைகளை ஏற்றும் வழக்கத்தை விடுங்கள். விஞ்சை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டும்போது ஒரு சங்கதி. மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கர ஓட்டம். சிவப்புக் குமிழை இழுத்தால் அதோடு இறங்கு கியரும் சேரும். இது சேற்றுக்கும் மண் பாதைக்கும் மட்டுமே. தார் ரோட்டில் நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால், வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, எங்காவது உடைத்துக்கொள்ளும். செங்குத்தான மண் இறக்கத்தில் சிவப்புக் குமிழ், முதல் கியர், கிளட்சில் கால் வைக்காமல் இறங்குங்கள். எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

மச்சான் வண்டிக்கு எட்டு மாதம் பிடித்தது. வாங்கிய விலைக்குக் கிட்டத்தட்ட அதே அளவு மறுபடியும் போயிற்று. பெயிண்ட் இன்னும் அதே பட்டாளத்துப் பச்சைதான், அங்கங்கே உரிந்து. முதல் நாள் குலை ஏற்றப் போவதற்கு முன், ஆள் நடமாட்டமில்லாத செம்மண் பாதையில் தங்கையை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். அவள் சரியாகப் பாதி வழியில், "இப்ப நிறுத்துங்க" என்றாள். நின்றது. இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள்.

சீட்டுக்குப் பின்னால் நான்கு மரக்கட்டைகள் எப்போதும் கிடக்கின்றன. கடைசிப் பையன்தான் அவற்றுக்குச் சிவப்புச் சாயம் அடித்துவைத்திருக்கிறான்.